கேள்வி–பதில்: மாறியது கிருமியா, கணக்கா?

கேள்வி: பழைய பதிவேடுகளைப் புரட்டினால், 2008-க்கு முன் நிமோகாக்கஸ் (நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் பாக்டீரியா) பலவற்றுக்குப் பென்சிலின் 'இடைநிலை' (மருந்துக்குக் கட்டுப்படுவதற்கும் எதிர்ப்புக்கும் நடுவில்) என்று எழுதியிருக்கிறது. பிறகு அந்தச் சொல்லே அரிதாகிவிட்டது. கிருமி திருந்திவிட்டதா?
– ஆய்வக நுட்பநர், தஞ்சாவூர்

பதில்: கிருமி திருந்தவில்லை, அளவுகோல்தான் மாறியது. 2008 ஜனவரியில் ஆய்வகச் சோதனைகளுக்குத் தரவிதி வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு வரம்புகளைத் திருத்தியது. எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் உள்ள ஒரு நிமோகாக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரம்பில் அது இடைநிலை. புதிய வரம்பில், நிமோனியாவுக்கு ஊசி பென்சிலின் என்றால் 2 வரை 'கேட்கும்' (மருந்துக்குக் கட்டுப்படும்). அதே கிருமி மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீரில் வந்தால் 0.12-இலிருந்தே 'கேட்காது'. ஒரே கிருமிக்கு இரண்டு தீர்ப்பு!

ஆகவே எஸ் (கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (எதிர்ப்பு) எழுத்துகளை மட்டும் சேமிக்காதீர்கள். எம்.ஐ.சி. எண்ணையும், மருந்து டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் மில்லிமீட்டரையும் சேர்த்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இலவச ஹூநெட் (WHONET) மென்பொருளில் எண்கள் இருந்தால், பழைய ஆண்டுகளையும் புதிய வரம்பில் மறுபடி கணக்கிடலாம். எழுத்து மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆக்சசிலின் 1 மைக்ரோகிராம் டிஸ்க்கைச் சுற்றி வளையம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பென்சிலின் கேட்கும். 19-க்குள் நின்றால் 'எதிர்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது முடிவல்ல, எம்.ஐ.சி. பார்க்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே.

கேள்வி: கிருமிகளில் எத்தனை ஒரு மருந்துக்குக் கேட்கின்றன என்று ஆண்டு முடிவில் சதவீதம் போடும்போது எல்லா கல்ச்சரையும் (நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த கிருமி) சேர்க்கலாமா?
– மருத்துவர், நாமக்கல்

பதில்: கூடாது. ஒரு நோயாளி, ஒரு கிருமி, ஓர் ஆண்டு என்றால் முதல் கல்ச்சர் மட்டும்தான். உதாரணமாக 40 கிளெப்சியெல்லா பாக்டீரியாவில் 19 ஒரு மருந்துக்குக் கேட்கின்றன, அதாவது 47.5%. ஆனால் கேட்காத 21-இல் ஒன்பது, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடந்த ஒரே நோயாளியுடையது. அவரை ஒருமுறை மட்டும் எண்ணினால் 32-க்கு 19, அதாவது 59.4%. ஒரே ஒரு படுக்கை 12 புள்ளியைத் தின்றுவிட்டது.

குறைந்தது 30 நோயாளிகள் இல்லாத கிருமிக்குத் தனிச் சதவீதம் வேண்டாம். இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து, சேர்த்ததை அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள். எதிர்ப்பு காட்டியவற்றுக்கு மட்டும் சோதித்த மருந்தையும் பட்டியலில் கொண்டுவராதீர்கள். அதன் சதவீதம் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

கேள்வி: சில மாதங்களாக எங்கள் நிமோகாக்கஸ் வளையங்கள் எல்லா மருந்துக்கும் பெரிதாகின்றன. நல்ல செய்தியா?
– நுட்பநர், நாகர்கோவில்

பதில்: எல்லா மருந்துக்கும் ஒன்றாக வளர்ந்தால் முதலில், பிளேட்டில் பூசக் கலக்கிய கிருமிக் கரைசலைச் சந்தேகியுங்கள். நிமோகாக்கஸ் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் கிருமி. 16 முதல் 18 மணி நேரக் காலனிகளையே எடுங்கள். பழைய பிளேட்டிலிருந்து எடுத்தால், கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டுக்கு (கரைசலின் கலங்கலை ஒப்பிடும் அளவு) சரியாக இருந்தாலும் பாதி செத்த கிருமி. விதைப்பு மெலிந்து வளையம் விரியும். கலக்கிய 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். கிருமி வளர்ந்த பிறகு மூடியைத் திறந்து, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் வளர்ச்சி நின்ற ஓரத்தை அளவிடுங்கள். இரத்த அகாரின் பச்சை நிற ஓரம் கணக்கில் சேராது. சோதனை சரியா என்று பார்க்கும் கட்டுப்பாட்டுக் கிருமி ஏ.டி.சி.சி. 49619-இன் வளையமும் அதே திசையில் நகர்ந்திருந்தால், கோளாறு ஆய்வகத்தில்தான்.