கையெழுத்து யாருடையது? பணிப்பாளர், இயக்குநர் பற்றிய கேள்வி பதில்

ஆங்கிலத்தில் படம் எடுப்பவரும் 'டைரக்டர்'தான், கம்பனி சபையில் உட்காருபவரும் 'டைரக்டர்'தான். நாங்கள் ஒருவரை இயக்குநர் என்கிறோம், மற்றவரைப் பணிப்பாளர் என்கிறோம். இரண்டு நாற்காலியிலும் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் திரைப்பட வட்டத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. தேநீர் ஆறிப் போனதே தவிர வாக்குவாதம் முடியவில்லை. நான் இருபத்தாறு வருடமாகக் கம்பனிச் செயலாளர், அதைவிட நீண்ட காலமாகப் படப் பைத்தியம். கேள்விகளை எழுதித் தாருங்கள், ஆறுதலாகப் பதில் சொல்கிறேன் என்றேன். வந்தவை இவை.

அக்கா, எங்கள் கணக்கியல் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஆனால் கம்பனி ஆண்டறிக்கையைத் திறந்தால் படத்தில் எல்லாரும் டை கட்டிய ஆண்கள். நடுவில் நாங்கள் எங்கே போகிறோம்? (மாணவி, கொட்டாஞ்சேனை)

நல்ல கண், தங்கச்சி. இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குள் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் வேலைக்குப் போகும் வயதிலுள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் அது பத்துக்கு ஏழு. ஆக, பாதிக்கு மேற்பட்ட பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே வந்தவர்களுக்கு இருபத்தெட்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையில்தான் எல்லாம் நடக்கிறது. பிரசவ லீவு 84 நாள். 2018இல் திருத்தம் வரும் வரை மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாக இருந்தது. அப்பாமாருக்கு? தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அப்போ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்று வீட்டில் கேட்கவே தேவையில்லை.

இதையெல்லாம் தாண்டி வந்தவர்களுக்கும் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதை ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. கெட்டிக்காரப் பெண்ணுக்குப் பதவி உயர்வு வரும், ஆனால் மனிதவளம், சட்டம், ஊடகத் தொடர்பு என்ற பக்கம்தான் வரும். சத்தமில்லாத, ஏசி போட்ட பக்கம். பிரதான நிறைவேற்று அதிகாரியைத் தேடும்போது சபை விற்பனைப் பக்கம் பார்க்கும், தொழிற்சாலைப் பக்கம் பார்க்கும், நிதிப் பக்கம் பார்க்கும். இலாப நட்டத்துக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறாரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 2020இல் ஹேமாஸ் ஹோல்டிங்ஸின் குழுமத் தலைமை அதிகாரியான கஸ்தூரி செல்லராஜா வில்சன் அதற்கு முன் மருந்துப் பிரிவு உட்படப் பல வியாபாரங்களை நடத்தியவர். அந்த வரலாறு இல்லாவிட்டால் அந்தப் பெயர் பட்டியலுக்கே வந்திருக்காது என்பது என் கணிப்பு. ஆகவே, உங்களுக்கு முதல் வேலை கிடைக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் யாராவது படம் இயக்கியிருக்கிறார்களா? தேடினால் இந்தியப் பெயர்கள்தான் வருகின்றன. (குறும்படம் எடுப்பவர், தெஹிவளை)

இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் சுமதி சிவமோகன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். மலையக மக்களைப் பற்றிய 'இங்கிருந்து' 2013இல் வந்தது. அதன் பின்னும் படம் எடுத்திருக்கிறார். அதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் படத்தோடு நின்று போன பெண்கள்தான் எல்லா நாட்டிலும் அதிகம். ஒரு ஆணின் முதல் படம் ஓடாவிட்டால் "பாவம், கதை சரியில்லை" என்பார்கள். பெண்ணின் படம் ஓடாவிட்டால் "பெண்கள் எடுத்தால் இப்படித்தான்".

அப்புறம் அனோமா ராஜகருணா. சிங்களப் பெண், ஆனால் யாழ்ப்பாணத்துச் சர்வதேச சினிமா விழாவை நடத்துவது அவர்தான். எங்கள் பிள்ளைகள் பலர் நல்ல படத்தை முதன்முதல் பெரிய திரையில் பார்த்தது அங்கேதான்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் சுமித்ரா பீரிஸ். 2023இல் காலமானார். 1978இல் வந்த 'கெஹெனு லமய்' அவரது முதல் படம் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அதற்கு முந்திய பதினைந்து வருடம்தான் முக்கியம். 1963இல் வந்த 'கம்பெரலிய'வின் படத்தொகுப்பு அவருடையது. உதவி இயக்கம், படத்தொகுப்பு என்று மேசையிலேயே கிடந்து, மற்றவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டித் தொழிலைப் பழகியவர். இன்றைக்கும் படப்பிடிப்புக்கு வரும் பெண்ணுக்குக் கிடைப்பது உடை, ஒப்பனை, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் குறித்து வைக்கும் வேலை). இவற்றில் கன்டினியூட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எந்த ஷாட் எதோடு ஒட்டும் என்று இயக்குநருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் அந்தக் கொப்பியோடு நிற்கும் பெண்தான்.

தெஹிவளையில் ஒரு பழைய வீட்டில் தெரிந்த பிள்ளையின் படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம் வரை அங்கே ஒரு பெண்ணும் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்காரர் கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஆண்கள் பின்மதிலுக்குப் போய் வந்தார்கள். உதவி இயக்குநர் பிள்ளை காலி வீதிக் கடையொன்றுக்கு ஒரு ஓட்டம் ஓடிப் போய் வந்தாள், அந்த இருபது நிமிடத்தில் ஷாட் முடிந்துவிட்டது. இடம் பார்க்கப் போகும்போது வெளிச்சத்தோடு கழிப்பறைத் திறப்பையும் கேளுங்கள்.

ஹொலிவூட்டில் இந்தப் பிரச்சினை முடிந்துவிட்டதுதானே? 'பார்பி' பெண் எடுத்த படம்தானே! (பெயர் வேண்டாம்)

'பார்பி' 2023இல் 140 கோடி டொலருக்கு மேல் சம்பாதித்தது, உண்மை. அடுத்த வருடம் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த 250 படங்களின் இயக்குநர்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் 2010இல் தான் முதன்முதலாக ஒரு பெண்ணிடம் போனது, பிறகு 2021, 2022. கம்பனிப் பக்கமும் அதே கதை: அமெரிக்காவின் மிகப் பெரிய 500 கம்பனிகளின் ஃபோர்ச்சூன் 500 பட்டியலில் 2025இல் 55 பெண் தலைமை அதிகாரிகள். ஒரு மாம்பழத்தைக் கண்டுவிட்டுத் தோப்பு காய்த்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

திறமை இருந்தால் தானாக வருவார்கள். ஒதுக்கீடு கொடுத்து உட்கார வைப்பது அந்தப் பெண்களுக்கே அவமானம் இல்லையா, பிள்ளை? (ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், பம்பலப்பிட்டி)

ஐயா, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். உள்ளூராட்சி சபைகளை எடுப்போம். 2018 தேர்தலுக்கு முன் பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடச் சரியாக இல்லை. 25 வீத ஒதுக்கீடு வந்தபின் நிலைமை மாறியது. அதற்கு முந்திய எழுபது வருடமும் ஊரில் திறமையான பெண்ணே பிறக்கவில்லை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்தியா 2013 கம்பனிச் சட்டத்தில் பட்டியலிட்ட கம்பனிகளுக்கு ஒரு பெண் பணிப்பாளராவது வேண்டும் என்றது. என்ன நடந்தது? பல முதலாளிமார் மனைவியை, மகளை, மருமகளைப் போட்டுக் கணக்கை நேர் செய்தார்கள். பிறகுதான் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்துநர், பெரிய 500 கம்பனிகளில் 2019 ஏப்ரல் முதல் அந்தப் பெண் சுயாதீனப் பணிப்பாளராக, அதாவது முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாதவராக, இருக்க வேண்டும் என்றார், அடுத்த வருடம் அதை ஆயிரமாக்கினார். 'சுயாதீன' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சட்டத்துக்கு உயிர் வந்தது. நோர்வே 2003இலேயே 40 வீதம் என்று சட்டம் போட்டது, சபைகள் நிறைந்தன. ஆனால் தலைமை அதிகாரி நாற்காலியில் அங்கேயும் ஆண்கள்தான் அதிகம். சபைக்குப் போடும் ஒதுக்கீடு நிர்வாகத்துக்குள் தானாக இறங்காது. எங்கள் 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் ஒதுக்கீடே கிடையாது.

என் கணவரின் கம்பனியில் நானும் ஒரு பணிப்பாளர். ஆறு வருடமாக அவர் காட்டும் இடத்தில் கையெழுத்து வைக்கிறேன். இதுவும் 'பெண் தலைமை'க் கணக்கில் வருமா? (குடும்பத் தலைவி, வத்தளை)

கணக்கில் வரும். அதுதான் கணக்கின் குறை.

ஆனால் அம்மா, எனக்கு உங்கள் கேள்வியில் வேறொன்று உறுத்துகிறது. நீங்கள் பணிப்பாளராகச் சம்மதிக்கிறேன் என்று ஒரு நாள் படிவம் 18இல் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்களும் அவரும் ஒன்று. "எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொன்னார்" என்ற பதில் அங்கே எடுபடாது. ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களம் பணிப்பாளர்களைத்தான் தேடி வரும். பங்கிலாபம் கொடுக்கும்போது கம்பனியால் கடனை அடைக்க முடியும் என்று பணிப்பாளர்கள் சான்றுதல் கொடுக்க வேண்டும். அந்தத் தாளும் உங்கள் முன்னால் வந்திருக்கும்.

செட்டியார் தெரு நகைக் கடைகளிலிருந்து புறக்கோட்டை மொத்த வியாபாரம் வரை இப்படிப் பெயருக்கு இருக்கும் பெண்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். சிலருக்குக் கடையின் நடமாட்டம் கணவரைவிட நன்றாகத் தெரியும், ஆனால் கணக்காளரோடு பேசும் நேரம் குசினிக்குள் போய்விடுவார்கள். நீங்கள் மூன்று தாளைக் கேட்டு வாங்குங்கள்: கடைசி இரண்டு வருடக் கணக்கறிக்கை, வங்கிக் கடன் ஒப்பந்தம், அதில் நீங்கள் தனிப்பட்ட பிணை வைத்திருக்கிறீர்களா என்ற விபரம். வாசித்த பின் இருக்க விருப்பமென்றால் கூட்டத்தில் உட்காருங்கள். விருப்பமில்லை என்றால் எழுத்தில் விலகிவிடலாம், ஆனால் அதுவரை வைத்த கையெழுத்துகளின் பொறுப்பு கூடவே வரும். கணவர் கோபித்தால் என்மேல் போடுங்கள்.

முதல் படத்துக்குக் கடன் எடுக்க அப்பா தந்த காணியை ஈடு வைக்கப் போனேன். வங்கிச் சட்டத்தரணி "கணவர் கையெழுத்து எங்கே?" என்கிறார். உறுதி என் பெயரில் மட்டும்தான் இருக்கிறது! (இயக்குநராக விரும்புபவர், வெள்ளவத்தை)

அவர் விளையாடவில்லை. நீங்கள் பிறந்தது கொழும்பாக இருந்தாலும் குடும்பம் யாழ்ப்பாணம் என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை உங்கள் பின்னால் வரலாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்களின் சொத்து அவர்களுக்கே சொந்தம் என்கிறது. உடனே அடுத்த மூச்சில், அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவருக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் படம் எடுக்கப் போகிற பெண் முதலில் வழக்குப் பேசப் போவதா!

அசையும் சொத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போய் எத்தனை குறும்படம் வந்தது, எத்தனை தையல் கடை திறந்தது என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது. காணி உள்ளவள் நகையை வைத்துச் சின்னதாகத் தொடங்குகிறாள், காணி உள்ளவன் காணியை வைத்துப் பெரிதாகத் தொடங்குகிறான்.

1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி. பி. ராஜலட்சுமிக்குச் சொந்தப் படக் கம்பனி இருந்தது. 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழியில் இயக்கிய பானுமதிக்கும் குடும்பத்தின் பரணி நிறுவனம் இருந்தது. காசோலை தங்கள் கையிலேயே இருந்தபடியால் அவர்கள் யாரிடமும் போய் நிற்கவில்லை. உங்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது: கணவர் சம்மதித்தால் நொத்தாரிசு முன்னால் செய்துகொண்டு வேலையைப் பாருங்கள். இல்லையென்றால் காணியை விடுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கம்பனி பதிந்து, பங்காகப் பணம் திரட்டுங்கள். பதியும்போது பெரும்பான்மைப் பங்கு யாருக்கு என்று எழுதி வையுங்கள். இறுதி வெட்டு, அதாவது படத்தின் கடைசி வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை, யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்.

'பெண் இயக்குநர்' என்று சொல்வது சரியா, தவறா?

விளம்பரத்தில் வேண்டாம், கணக்கெடுப்பில் வேண்டும்.

அக்கா, குழுக் கூட்டத்தில் ஏழு பேர், நான் ஒருத்திதான் பெண். ஒவ்வொரு முறையும் "நீங்கள் நோட்ஸ் எடுங்கள்" என்கிறார் மனேஜர். மறுக்கலாமா? (மென்பொருள் துறை, கொழும்பு 3)

அந்த வேலையைச் செய்தே சோறு சாப்பிட்டவளிடம் கேட்கிறீர்கள். ஒரு கதை சொல்கிறேன், கம்பனி பெயர் வேண்டாம். ஒன்பது பேர் சபை, அதில் ஒரு அம்மையார். ஒரு கொள்வனவில் விலை ஒத்துவரவில்லை என்று முதலில் கேட்டவர் அவர். நான் கூட்டக் குறிப்பின் வரைவில் அப்படியே அவர் பெயரோடு எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் பெயருக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் 'சபை கருதியது' என்று இருந்தது. அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் அதே விஷயத்தைக் கேட்டார். அவர் பெயருக்குக் கோடு விழவில்லை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, வீட்டுக் கடன் வேறு, வாயை மூடிக்கொண்டு சுத்தப் பிரதி எடுத்தேன். அம்மையார் வாசித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துக்கான தாளை நகர்த்திவிட்டார்.

ஆகவே, முறை வைத்து எழுதுவோம் என்று மனேஜரிடம் சொல்லுங்கள், அடுத்த வாரம் பக்கத்து நாற்காலித் தம்பி எழுதட்டும். உங்கள் முறை வரும்போது யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். நீங்கள் சொன்னதற்கு உங்கள் பெயரையும் போடுங்கள். கூட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், பென்சில் வருவதற்கு முன்.