வேலையை விடவா, வெள்ளிக்கிழமையை விடவா?

கேள்வி: எனக்கு 26 வயது. கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. பட்டயக் கணக்காளர் பரீட்சையில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. வெள்ளி, சனி இரவுகளில் ஹோட்டல் பார்ட்டிகளுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் டீஜேயாகப் போகிறேன். மனம் முழுக்க எக்ஸ்பெரிமெண்டல் டெக்னோவில்தான் இருக்கிறது. லப்டொப்பில் 31 உருப்படிகள் கிடக்கின்றன, ஒன்றும் முடிந்தபாடில்லை. "படிச்ச பிள்ளை கலியாண வீட்டில பாட்டுப் போட்டுத் திரியுது" என்கிறார் அப்பா. வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா? பேர்லினுக்குப் போனால்தான் வழி பிறக்குமா? ஒன்பது நிமிட உருப்படி ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— 'நள்ளிரவு', கொழும்பு 6

பதில்: தம்பி, கடிதத்தை ஒருமுறை வாசித்தேன், உருப்படியை நான்கு முறை கேட்டேன். இருபது வருடம் வானொலி ஒலிப்பதிவு அறையில் கால் அங்குல நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டிப் பிழைத்தவன் நான். நாடாவின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, ஒரு பென்சிலில் மாட்டிச் சுழலவிட்டால் மழைச் சத்தம் நாடகம் முடியும்வரை ஓயாமல் பெய்யும். நீங்கள் லூப் என்று சொல்வதை அன்று நாங்கள் பென்சிலால் செய்தோம். ஆகவே உங்கள் இசை எனக்கு அவ்வளவு அந்நியமில்லை.

இது என்ன சங்கதி என்று கேட்கும் மற்ற வாசகர்களுக்கு இரண்டு வரி. இயந்திரத் தாளத்தில் ஓடும் நடன இசையான டெக்னோ 1980களில் அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் பிறந்தது. பக்கத்து பெல்வில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று கறுப்பினப் பையன்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன், இதன் முன்னோடிகள். 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற வானொலி அறிவிப்பாளர் இரவு நிகழ்ச்சியில் ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழுவையும் கறுப்பின ஃபங்க் இசையையும் அடுத்தடுத்துப் போட, இவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். வானொலிக்காரன் என்பதால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அவர்கள் கையில் கிடைத்ததோ பெரும்பாலும் விலைபோகாத இயந்திரங்கள். ரோலண்ட் நிறுவனம் 1983இல் விட்ட 909 தாள இயந்திரம் சீக்கிரமே உற்பத்தி நின்று, பழைய சாமான் விலைக்கு வந்தது. அந்தக் கழிவில்தான் இந்த இசை கட்டப்பட்டது.

இனி உங்கள் உருப்படி. வெள்ளவத்தைக் கரையோர ரயிலைப் பதிவுசெய்து, கிக் என்ற அடித்தாளத்தின் மேல் போட்டிருக்கிறீர்கள். முதல் நான்கு நிமிடமும் சரியாக எட்டுச் சுற்றுக்கு ஒரு புதுச் சத்தம் நுழைகிறது. மூன்றாவது தடவை நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டேன். கேட்பவன் எண்ணத் தொடங்கினால் பிடி விட்டுப்போயிற்று என்று அர்த்தம். ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் கிக் நின்று, தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் தனியே வருகிறதே, அதில் சுருதி கொஞ்சம் விலகி நிற்கிறது, தூரத்தில் யாரோ இருமுகிறார்கள். அந்த இடத்தில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்களோ பயந்துபோய் எட்டாவது சுற்றில் கிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஹோட்டல் பழக்கம் தம்பி அது. ஆடுகிறவர்கள் பாருக்குத் திரும்பிவிடுவார்களே என்ற பயம் கையில் ஊறிவிட்டது.

சிறுவயதில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தீர்கள் என்று கடிதத்தின் அடியில் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்! கிக் 16 படியில் ஓடட்டும் (ஒரு தாள அடியின் காற்பங்கு ஒரு படி). ரயில் சத்தத்தை 7 படியில் வெட்டிச் சுழலவிடுங்கள். இரண்டும் 112 படிக்குப் பிறகுதான், அதாவது ஏழு சுற்றுக்கு ஒருமுறைதான், ஒன்றாக விழும். நிமிடத்துக்கு 130 அடி வேகத்தில் அது ஏறக்குறைய 13 விநாடி. அந்த 13 விநாடியும் காது தரையைத் தேடிக்கொண்டே இருக்கும், வந்து சேரும்போது உடம்புக்குத் தெரியும். ஆதி தாளத்துக்குள் ஏழேழாகச் சொற்கட்டு வைத்துச் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர உங்களை அடித்துப் பழக்கிய குருவுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. பேர்லின் பையனுக்கு இருக்கும்.

பணக் கதைக்கு வருவோம். கணக்காய்வுக்காரரான உங்களுக்கு நான் சொல்வது வேடிக்கைதான். டீஜே, இசையமைப்பாளர் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் அவை இரண்டு தொழில்கள். டீஜேக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. இசையமைப்பவருக்குக் கூலி இல்லை, விற்றால் உண்டு. பாண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் ஒரு தொகுப்பை ஏழு டொலருக்குப் போட்டு 40 பேர் வாங்கினால் 280 டொலர். அவர்கள் 15 வீதம் எடுத்தால் 238, அதிலிருந்து பணம் மாற்றும் செலவு வேறு. ஸ்பொட்டிஃபையோ 2024 முதல் வருடத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத உருப்படிக்குப் பங்கே தருவதில்லை. 31 முடியாத உருப்படியை வைத்துக்கொண்டு இந்தப் பணத்தை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதுவதை எந்தக் கணக்காளர் ஒப்புக்கொள்வார்?

பெரிய கைகளும் இப்படித்தான் நடந்திருக்கிறார்கள். மொனோலேக் என்ற பெயரில் இசை செய்யும் ரொபர்ட் ஹென்கேயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் தினமும் திறக்கும் ஏபிள்டன் லைவ் மென்பொருளை 2001இல் வெளிவரச் செய்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு பல்கலைக்கழகத்தில் கற்பித்தும் இருக்கிறார். பக்கத்து மும்பாயின் சரஞ்சித் சிங், ஹிந்திப் பட வாத்தியக் குழுக்களில் வாசித்து வாழ்ந்தவர். 1982இல் பத்து ராகங்களை ரோலண்ட் இயந்திரங்களில் டிஸ்கோத் தாளத்தோடு இசைத்தார். அந்தத் தட்டு அப்போது எடுபடவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் காது கொடுத்தது, எழுபது வயதுக்குப் பிறகு ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். அவரும் கல்யாண வீடுகளில் வாசித்தவர்தான் என்பதை அப்பாவிடம் சொல்லலாம், கேட்பாரோ தெரியாது.

கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதில் ஒரு இழிவும் இல்லை. உங்கள் கணக்கில் இடிப்பது நேரம். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், இரண்டு இரவு மற்றவர்களின் பாட்டு. சனி விடிய மூன்று மணிக்கு வீடு வந்து, காதில் இரைச்சலோடு சொந்த உருப்படியைத் திறந்தால் அது எப்படி முடியும்? ஆகவே என் பதில் இதுதான்: வேலையை விடாதீர்கள், மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையை விடுங்கள். அந்த இரண்டு இரவில் இழக்கும் கூலியை நீங்கள் உங்களுக்கே கொடுக்கும் சம்பளமாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையையும் முடித்துவிடுங்கள், அது இசைக்கு உதவாது என்று நினைத்தால் தவறு. பகுதி நேரமாகக் கணக்குப் பார்த்துக்கொடுத்து வாழக்கூடிய இசைக்காரர் இந்த ஊரில் எத்தனை பேர்? 31இல் நான்கை மட்டும் எடுத்துவைத்து மிச்சத்தை வேறு கோப்புறையில் போட்டு மூடுங்கள். நாற்பது நிமிடம் அந்நியர் ஒருவர் எழும்பாமல் கேட்கக்கூடிய அளவுக்கு அந்த நான்கும் வரட்டும்.

எங்கே வாசிப்பது? விடியும்வரை டெக்னோ என்ற எண்ணத்தைக் கொழும்பில் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007இல் போட்ட கட்டுப்பாடு ஒருபக்கம், பௌர்ணமி விடுமுறையான போயா நாள் இன்னொரு பக்கம். ஆனால் எக்ஸ்பெரிமெண்டல் இசைக்கு இருட்டும் குடியும் அவசியமில்லையே. மாலை ஏழு மணிக்கு முப்பது கதிரை, நல்ல இரண்டு ஒலிபெருக்கி, ஒரு சின்ன மண்டபம் போதும். அஸ்வஜித் என்ற இசைக்காரர் இங்கிருந்துகொண்டே ஜம்புடெக் என்ற வெளியீட்டை நடத்தி டெக்னோ வெளியிட்டவர். ஆக, முதல் ஆளாகக் காடு வெட்டும் வேலை உங்களுக்கு இல்லை.

பேர்லினைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 1991இல் ஒரு பழைய அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ட்ரெசர் என்ற டெக்னோ கிளப் தொடங்கியபோது அங்கே காலி இடம் மலிவு. இன்று அந்த நகரத்து டெக்னோவை ஜேர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே 2024இல் சேர்த்துவிட்டது, மரபானதற்கு வாடகையும் ஏறும். நாற்பது நிமிடம் கையில் இருந்தால் ஜேர்மனியின் பண்பாட்டு நிறுவனமான கோத்தே நிறுவனத்தின் கதவைத் தட்டிப் பாருங்கள். வெறுங்கையோடு மூன்று மாத விசாவில் போய், அங்கேயும் பாத்திரம் கழுவிக்கொண்டு 32ஆவது உருப்படியைத் தொடங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. காதடைப்பான் போடுகிறீர்களா? 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். ஹோட்டல் மேடை நூறைத் தாண்டும். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு மொனிட்டர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்ற என் இடது காதில் 1994இலிருந்து ஒரு இலையான் இருக்கிறது. இரவில் மின்விசிறியை நிறுத்தினால் அதன் சத்தம்தான் கேட்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, அப்போது புத்தி இல்லை.

அப்பாவுக்கு டெக்னோ என்றால் என்னவென்று விளக்கப் போகாதீர்கள், நான் மேலே எழுதியதையும் காட்டவேண்டாம். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடித்ததும் இரண்டு ஒலிபெருக்கிக்கும் நடுவில் கதிரையைப் போட்டு அவரை இருத்துங்கள். முப்பது வருடம் அந்த ரயிலில் கோட்டைக்கு வேலைக்குப் போய் வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் வருகிற இடத்தை மட்டும் போடுங்கள். அவர் ஏதும் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.

அந்த ஒன்பது நிமிடத்தையும் திரும்ப அனுப்புங்கள், ஐந்தாவது நிமிடத்தில் நின்ற கிக்கைத் திரும்பக் கொண்டுவராமல்.