ஆமைகளின் குடற்புழுவுக்கு ஆட்டு மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: பண்ணையில் நில ஆமைகள் வளர்க்கிறேன். குளிர் தொடங்கியதிலிருந்து சில ஆமைகள் சரியாக இரை எடுக்காமல் மெலிகின்றன. எச்சத்தில் சிறு வெண்புழுக்கள் தெரிகின்றன. ஆடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை இவற்றுக்கும் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஐவர்மெக்டின் ஆமைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, கைகால்களைச் செயலிழக்கச் செய்து, உயிரையே பறிக்கக்கூடிய மருந்து.

தழை தின்னும் நில ஆமையின் குடலில் கொஞ்சம் கீரிப்பூச்சி இருப்பது இயல்புதான். இத்தனை நாள் அடங்கியிருந்த புழு இப்போது ஏன் பெருகியது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஆடு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும். ஆமையோ சுற்றுப்புற வெப்பத்தை நம்பியிருப்பதால், கொட்டில் குளிர்ந்தால் செரிமானத்தோடு நோய் எதிர்ப்புத் திறனும் மந்தமாகிவிடுகிறது. ஊர்வனவற்றுக்கு நம்மைப் போன்ற நிணநீர் முடிச்சுகள் கிடையாது. மண்ணீரல், தைமஸ் சுரப்பி, குடற்சுவரில் உள்ள நிணத்திசு ஆகியவையே நோயை எதிர்க்கும் பணியைச் செய்கின்றன, அவற்றிலும் தைமஸ் குளிர்காலத்தில் சுருங்கும். ஒட்டுண்ணி நுழைந்தவுடன் ஹெட்டரோஃபில், ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து கட்டியாக அடைத்துவிட முயல்கின்றன. நோயை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் புரதமான எதிர்ப்பொருள் உருவாகவோ பல வாரங்கள் ஆகும். அதே ஒட்டுண்ணி மறுமுறை வந்தாலும் பாலூட்டிகளில் காணும் வேகமும் வீரியமும் இவற்றிடம் இருப்பதில்லை. பாலைவன இகுவானா என்னும் பல்லியினத்துக்குப் பாக்டீரியாவைச் செலுத்தி நடத்திய சோதனையொன்று 1975-இல் வெளியானது. அதில் அதிக வெப்பத்தில் வைக்கப்பட்டவையே கூடுதலாகப் பிழைத்தன. அது புழுவைப் பற்றியதன்று என்றாலும், ஊர்வனவற்றின் எதிர்ப்புத் திறனுக்கு வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே முதலில் கொட்டிலின் ஒரு பக்கத்தில் வெப்ப விளக்கு அமைத்து, மறுபக்கத்தைச் சற்றுக் குளிர்ச்சியாக விட்டு, தனக்கு வேண்டிய இடத்தை ஆமையே தேர்ந்தெடுக்க விடுங்கள். புதிய எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் ஃபென்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்தைக் கொடுப்பார்கள். அதையும் எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுங்கள். அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, புழுவை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களே குறைந்துவிடும். எச்சத்தை அன்றாடம் அகற்றாவிட்டால் புழுவின் முட்டைகள் தீனியோடு மீண்டும் வயிற்றுக்குள் போகும். நெரிசலும் ஆகாது: அதனால் சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் மன அழுத்த இயக்குநீர் எதிர்ப்புத் திறனை அடக்கிவிடும். மெலிந்தவற்றை இன்றே தனியாகப் பிரித்து, வாரந்தோறும் எடையைக் குறித்து வாருங்கள்.