முப்பது மொழி தெரிந்த கருவி

கேள்வி: நாங்கள் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஜாவாவில் இருக்கிறது, புது வேலைகள் பைத்தானில், எடைமெஷினோடு பேசும் பகுதி மட்டும் சி மொழியில். மூன்றுக்கும் சேர்த்து, நிரலைப் படித்துக் குறை சொல்லும் ஒரே தரச் சோதனைக் கருவி தேடுகிறோம். முப்பது மொழிகளைச் சோதிக்கும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: ஓட்டல் போர்டில் எழுதியிருப்பதெல்லாம் அடுப்பில் இருப்பதில்லை. முப்பதை விடுங்கள், உங்கள் மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

இந்த வகையில் அதிகம் பேசப்படும் மூன்று கருவிகளைப் பார்ப்போம். சோனார்கியூபின் இலவசப் பதிப்பில் ஜாவாவும் பைத்தானும் உண்டு. சி வேண்டுமென்றால் காசு கட்டும் பதிப்புக்குப் போக வேண்டும். கோட்கியூஎல் மூன்றையும் பார்க்கும். ஆனால் நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்த நிரலுக்குத்தான் அது இலவசம், உங்களுடையதைப் போல மூடிவைத்த நிரலுக்கு உரிமம் வாங்க வேண்டும். செம்கிரெப்பின் இலவசப் பதிப்பு வேகமானது, விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒரு கோப்பில் நுழைந்த தரவு அடுத்த கோப்பில் என்ன ஆகிறது என்பதை மட்டும் அது துரத்திப் போகாது.

இது எவ்வளவு முக்கியம் என்று, வேண்டுமென்றே சில தவறுகளை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் அடித்த பெயரை ஒரு கோப்பில் வாங்கி, இன்னொரு கோப்பில் அப்படியே தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் வாக்கியத்தோடு ஒட்டுங்கள். ஜாவாவில் ஒன்று, பைத்தானில் ஒன்று. சி பகுதியில், விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி படிக்க வையுங்கள். விற்பனையாளரின் டெமோ நிரலில் வேண்டாம், உங்கள் நிரலின் நகலில் செய்யுங்கள். நான் இப்படி வைத்த பொறியை ஒரு கருவி ஜாவாவில் டக்கென்று பிடித்தது, பைத்தானில் கோட்டை விட்டது. அதே பைத்தான் கோப்பில் வரி நீளமாக இருக்கிறது என்று மட்டும் பக்கம் பக்கமாகப் புகார்!

இன்னொன்று: ஒரே கருவி வாங்கினால் எல்லாம் அதுவே செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். டெஸ்ட்கள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்பதை சோனார்கியூப் தானாக அளக்காது. அதை அளக்கும் தனிக் கருவிகள், ஜாவாவுக்கு ஜக்கோகோ, பைத்தானுக்கு கவரேஜ்.பை, கொடுக்கும் அறிக்கையை வாங்கித்தான் காட்டும். ஜாவாவைச் சோதிக்க, கம்பைல் செய்த கிளாஸ் கோப்புகளையும் கொடுக்க வேண்டும்.

விலை பெரும்பாலும் நிரலில் எத்தனை வரிகள் என்ற கணக்கில் அல்லது தலைக்கணக்கில் இருக்கும். வரிகளை எண்ணி விலை என்றால் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த லைப்ரரிகளையும் கருவிகளே எழுதித் தள்ளிய நிரலையும் விலக்கிவிட்டு எண்ணச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் எழுதிய வரிக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரி வேறு.

உங்கள் அளவுக்கு நானாக இருந்தால் இலவச சோனார்கியூபில் தொடங்கி, சி பகுதிக்கு சிபிபிசெக் என்ற தனிக் கருவியை ஓட்டுவேன். அதுவும் இலவசம்தான். இரண்டு இடத்தில் அறிக்கை பார்க்க வேண்டும், பரவாயில்லை.

கேள்வி: ஒரு கருவியை ஓட்டிப் பார்த்தோம். முதல் நாளே ஆயிரக்கணக்கில் குறை காட்டியது. எல்லாரும் சோர்ந்துவிட்டார்கள்.

பதில்: பழையதில் பாதுகாப்புக் குறைகளை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள், மற்றதை இப்போதைக்குத் தொட வேண்டாம். குறிப்பிட்ட தரத்தில் தேறாததை நிறுத்தும் தடையைப் புது நிரலுக்குப் போடுங்கள். சோனார்கியூபில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவும் புது நிரலுக்குத்தான்: டெஸ்ட் தொடுவது 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, நகலெடுத்து ஒட்டியது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 80 முதலில் கஷ்டமாக இருந்தால் கட்டணப் பதிப்பு இல்லாமலே அதைக் குறைத்துக்கொள்ளலாம்.