குட்டிக் கப் ஜெல்லியைத் தடை செய்யச் சொல்வது தேவையில்லாத பயமா?

இல்லை. கேட்டவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும், வாங்கித் தரலாமா கூடாதா என்று சண்டையும் நடந்திருக்கும் என நினைக்கிறேன். நான் மளிகைக் கடைக்காரன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வெளிநாடுகளில் நிறுத்தியது எல்லா ஜெல்லியையும் அல்ல, ஒரே வாயில் உறிஞ்சுகிற குட்டிக் கப்பைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொன்ஜாக் என்ற கிழங்கு மாவு போட்ட கப்புகளை நிறுத்தியது. 2004இல் கடல்பாசி, கோந்து வகைகள் போட்டவற்றையும் சேர்த்தது. ஆஸ்திரேலியாவில் கொன்ஜாக் கப்பின் உயரமோ அகலமோ 45 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் விற்கக் கூடாது. ஜெலட்டின் என்றால் வாய்ச் சூட்டில் கரையும், இவை லேசில் கரையாது. கப்பை அமுக்கி உறிஞ்சும்போது மூச்சோடு சேர்ந்து வழுக்கி உள்ளே போய், குழாயை மூடி போட்டதுபோல அடைத்துவிடும்.

என் கடையிலும் ஒரு ஜாடி இருந்தது. பள்ளி விடும் நேரம், ஒரு பாட்டி பேரனுக்கு வாங்கினார். "அண்ணாச்சி, பிரிச்சுக் குடுங்க" என்றார், கொடுத்தேன். பையன் அண்ணாந்து ஒரே உறிஞ்சு. இருமல் இல்லை, அழுகை இல்லை, சத்தமே இல்லை. உதடு நிறம் மாறுகிறது, பாட்டி தண்ணீர் கேட்கிறார். பால் பாக்கெட் வாங்க வந்த நர்சிங் படிக்கிற பெண் அவனைக் குனியவைத்து, உள்ளங்கை அடிப்பகுதியால் முதுகில் ஓங்கித் தட்டினாள். முழுசாக வெளியே வந்து அரிசி மூட்டைமேல் விழுந்தது. பல் பட்ட தடம்கூட அதில் இல்லை. பாட்டியோ, "பச்சப் பிள்ளையை இப்படியா அடிப்ப?" என்று அவளைத்தான் திட்டினார்!

அன்றே ஜாடியை எடுத்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் பிள்ளைகள் இப்போது அடுத்த கடையில் வாங்குகிறார்கள், கூடவே நோட்டு, பென்சிலும் அங்கேதான். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். கம்பெனியில் கப் வார்க்கிற அச்சை மாற்றவைக்காமல் கடைக்காரன் மனசாட்சியை நம்பினால் நடக்காது.

பாக்கெட்டைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். டீலர் விலை ஸ்டிக்கரைச் சேர்மானப் பட்டியல் மேலேதான் ஒட்டுவார். நகத்தால் சுரண்டினால் 407 என்ற சேர்மான எண் இருக்கும். கடல்பாசிச் சரக்கு, ஐரோப்பா நிறுத்திய பட்டியலில் அதுவும் உண்டு. சோதனைக்கு வருகிறவர் லைசென்ஸை ஏன் மாட்டவில்லை என்று கேட்பார், ஜாடியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். தேதி முடிந்த சரக்கைத் திருப்பி எடுக்கச் சொன்னால் டீலர் போனையே எடுப்பதில்லை. சிறு கடைக்காரன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்.

கடலையும் அடைக்கும், திராட்சையும் அடைக்கும் என்று கமெண்டில் வருவார்கள். அடைக்கும்தான். ஜப்பானிலும் இதையே சொன்னார்கள், அரிசியில் செய்கிற மோச்சி அடைத்தும் சாகிறார்களே என்று. ஆனால் திராட்சையை நறுக்கித் தரலாம், கடலையை இடித்துத் தரலாம். இந்தக் கப்பை உறிஞ்சுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். ஜப்பானில் 1995 முதல் 2008 வரை கொன்ஜாக் ஜெல்லியால் மட்டும் 22 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு.

"நாங்கெல்லாம் தின்னு வளரலையா?" என்று கேட்பவர்களுக்கு: என் வயதுக்காரர்கள் தின்றது தேன் மிட்டாய், அய்யா. அப்போது இந்தக் கப் ஊருக்குள்ளேயே வரவில்லை.