ஜிஃப் தகராறுகள்: கேள்வி பதில்

கே: வீடியோவை ஜிஃப் ஆக்கினேன். மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஏன்?

ப: ஜிஃப் 1987-இல் வந்த பட வடிவம். ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். மாலை வானத்துக்கு அது எந்த மூலைக்கு? இல்லாத சாயலைப் புள்ளிகளைக் கலந்து கண்ணுக்குக் காட்டும் வித்தைதான் டிதரிங். அதைப் போட்டால் புள்ளி, எடுத்தால் பட்டை. வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் நேரடியாக மாற்றாதீர்கள்; எல்லா வீடியோவுக்கும் ஒரே பொது நிறப்பட்டியலைப் போட்டுவிடும். அதற்குள்ளேயே இரண்டு வடிகட்டிகள் உண்டு. முதலில் பேலட்ஜென் (palettegen): உங்கள் வீடியோவுக்கு ஏற்ற நிறங்களைப் பொறுக்கித் தரும். அடுத்து பேலட்யூஸ் (paletteuse): அவற்றை வைத்து ஜிஃப்பை உருவாக்கும். அப்புறம், மூல வீடியோவை அழிக்காதீர்கள். போன நிறம் திரும்பாது.

கே: நொடிக்கு 60 ஃபிரேம் வைத்தேன். ஆமையாக ஊர்கிறது.

ப: ஜிஃப்பில் ஃபிரேமின் நேரம் நூறில் ஒரு நொடிக் கணக்கு, அதுவும் முழு எண்ணில். நொடிக்கு 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 1.67 வேண்டும், சில கருவிகள் அதை 1 ஆக்கிவிடும். 2-க்குக் கீழே போனாலே பெரும்பாலான பிரவுசர்கள் 10 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது நொடிக்குப் பத்தே ஃபிரேம். 4 வையுங்கள். 25 ஃபிரேம் தாராளம்.

கே: அது 'கிஃப்' அல்லவா? 'கிராஃபிக்ஸ்' என்பதன் முதலெழுத்துதானே?

ப: உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட்டே 2013-இல் இணையத்துக்கான வெபி (Webby) விருது வாங்கியபோது 'ஜிஃப்' என்று திரையில் போட்டுக் காட்டினார்.

கே: பெயர் வைத்தவர் சொன்னால் ஆயிற்றா? ஊர் கூப்பிடுவதுதானே பெயர்?

ப: சரி, உங்கள் முதலெழுத்துக் கணக்குக்கே வருகிறேன். ஜேபெக்கில் உள்ள 'பி' ஃபோட்டோகிராஃபிக்கிலிருந்து வந்தது. இனி 'ஜேஃபெக்' என்பீர்களா?

கே: அது வேறு, இது வேறு.

ப: எப்படி வேறு என்று சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

கே: வட்ட லோகோவைச் சுற்றி வெள்ளை விளிம்பு வருகிறது.

ப: ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும், இல்லையென்றால் தெரியாது. அரைகுறையாகத் தெரிவது கிடையாது. லோகோ உட்காரப்போகும் பின்னணி நிறத்தையே விளிம்புக்குக் கொடுங்கள். இல்லையேல் அரைகுறையாகத் தெரிவதற்கும் இடம் தரும் வெப்பி (WebP) பட வடிவம்.

கே: எம்பி4 ஆக்கினால் 'உயரம் 2-ஆல் வகுபடவில்லை' என்கிறது.

ப: ஒரு பிக்சல் வெட்டுங்கள். அகலமும் இரட்டைப்படையாக இருக்கட்டும்.

கே: வாட்ஸப்பில் அசையும் ஸ்டிக்கருக்கு?

ப: வெப்பி, 512-க்கு 512 பிக்சல், 500 கேபிக்குள். மூலத்தை அழிக்காதீர்கள்.

கே: வானம் பட்டையாக...

ப: முதல் பதில்.

கே: எனக்குக் கடல் பட்டையாக வருகிறது.

ப: வானத்துக்குச் சொன்னதேதான்.

கே: இடத்தை அடைக்கிறதே என்று மூல வீடியோவை அழித்துவிட்டேன். ஜிஃப்பை எம்பி4 ஆக்கினால் பழைய நிறம் வருமா?

ப: முதல் பதிலின் கடைசி வரி.