கடலடி கேபிள்: கடித்தது சுறாவா, நங்கூரமா?

கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் அறுந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே கேள்விகள் குவிந்துவிடும். பாதிக் கேள்விகளில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலாவது இருக்கும்! சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: இந்தக் கேபிள்களை உண்மையில் யார்தான் அறுக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் மீன் பிடிக்கப் போனவர்களும் நங்கூரம் போட்டவர்களும். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன. வாரத்துக்கு மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 70-80 சதவீதம் இந்த இரண்டால்தான். கடல் தரையை உரசிக்கொண்டு போகும் இழுவலை கேபிளில் மாட்டினால் லேசில் விடாது. நங்கூரம் இன்னும் மோசம். புயல் கப்பலைத் தள்ளும்போது நங்கூரம் தரையை உழுதுகொண்டே கூடப் போகும்.

2008 தொடக்கத்தில் எகிப்துக் கரையருகேயும் பாரசீக வளைகுடாவிலும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கேபிள்கள் அறுந்தன. எகிப்திலிருந்து இந்தியா வரை இணையம் திணறியது. என்னென்னவோ கதைகள் கிளம்பின. வளைகுடாவில் பழுதுபார்க்கப் போனவர்கள் அங்கே கண்டெடுத்தது, யாரோ விட்டுப்போன ஐந்தாறு டன் நங்கூரம் ஒன்றை!

கேள்வி: சுறாக்கள் கேபிளைக் கடிக்கும் வீடியோ பார்த்தேன். நிஜமா?

பதில்: வீடியோ நிஜம்தான். 1980களில் கேனரி தீவுகளுக்கு அருகே போட்ட கேபிளில் சுறாப் பல்லே சிக்கியிருந்தது. ஆனால் மொத்தப் பழுதுகளில் மீன்கடியின் பங்கு ஒரு சதவீதம்கூட வராது. சுறாவை விட்டுவிடுங்கள், பாவம்.

கேள்வி: அப்படியென்றால் சதி என்பதே கிடையாதா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 2007-ல் வியட்நாம் கடலில் கிலோமீட்டர் கணக்கில் கேபிளை வெட்டி எடுத்துப் பழைய உலோகமாக விற்கப் பார்த்தார்கள். 2013-ல் அலெக்சாண்டிரியா அருகே கேபிளை வெட்டியதாக மூன்று முக்குளிப்பவர்களை எகிப்துக் கடற்படை பிடித்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நங்கூரத்தைப் பார்த்து அது நழுவியதா, நழுவ விட்டார்களா என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே ஒரு மின் கேபிளும் சில தொலைத்தொடர்பு கேபிள்களும் அறுந்தன. ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 90 கிலோமீட்டர் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போயிருந்தது தெரியவந்தது. அவ்வளவு தூரம் மாலுமிகளுக்குத் தெரியாமலா போனது என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், சம்பவம் பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே நடந்ததால் தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

இரண்டிலும் சேராத ஒன்றும் நடந்தது. 2024 பிப்ரவரியில் செங்கடலின் தெற்கு வாயிலருகே ரூபிமார் என்ற சரக்குக் கப்பலை யேமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணை தாக்கியது. மாலுமிகள் நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் தப்பினார்கள். கப்பல் நங்கூரத்தோடு நாள்கணக்கில் மிதந்து போனது. அந்தப் பக்கத்தில் மூன்று கேபிள்கள் அறுந்ததற்கு அந்த நங்கூரமே காரணம் என்பது பரவலான கணிப்பு. ஏவுகணையின் குறி கேபிள் இல்லை. இதை விபத்துக் கணக்கில் எழுதுவதா, போர்க் கணக்கில் எழுதுவதா?

கேள்வி: நிலநடுக்கத்தில் கேபிள் அறுவது ஏன்? தரை பிளந்து விடுவதாலா?

பதில்: பிளவைவிட, அதன்பின் சரியும் சேறுதான் பெரும்பாலும் வேலையைக் காட்டுகிறது. 1929 நவம்பரில் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் ஒரு நிலநடுக்கம். அன்று 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. அருகில் இருந்தவை உடனே போய்விட்டன. சரிவில் கீழே இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரம் வரை அறுந்துகொண்டே இருந்தன. தந்தி நின்ற நேரமெல்லாம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1952-ல் ஹீசன், யூயிங் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த நேரங்களை வைத்தே, கடலடியில் பாய்ந்த சேற்று வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அறுந்த கேபிள்களே அளவுகோல் ஆகிவிட்டன.

2006 டிசம்பரில் தைவானுக்குத் தெற்கேயும் இதே கதைதான். ஒன்பது கேபிள்கள் சேதம், சரிசெய்ய 11 கப்பல்களும் 49 நாட்களும் தேவைப்பட்டன. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது டோங்காவின் ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்து, ஐந்து வாரம் கழித்துத்தான் திரும்ப உயிர் பெற்றது.

கேள்வி: நடுக்கடலில் அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: கரையிலிருந்து ஒளித் துடிப்பை அனுப்புவார்கள். அறுந்த இடத்திலிருந்து கொஞ்சம் ஒளி திரும்பி வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், வந்துசேர்ந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். அப்புறம் கப்பல் போய், தரையில் கொக்கியை இழுத்துக் கேபிளைத் தூக்கும். ஒரு முனையை மிதவையில் கட்டிவிட்டு மறுமுனையைத் தேடுவார்கள். தலைமுடி அளவு மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் மேற்பரப்பு வரை வரும் அளவுக்குத் தொய்வாக இருக்காது. அதனால் நடுவில் புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் கேபிள் கொஞ்சம் நீளமாகிறது.

ஒட்டும் வேலை சில நாட்கள்தான். கப்பல் வந்து சேரவும், அந்நாட்டு அரசின் அனுமதி வாங்கவும்தான் வாரங்கள் ஓடும். செங்கடல் பழுது மாதக்கணக்கில் இழுத்ததும் இதனால்தான்.

கேள்வி: கேபிள் எங்கே கிடக்கிறது என்பதை ரகசியமாக வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: நேர்மாறாக முடியும். முக்கால்வாசிப் பழுதுகள் தெரியாமல் நடப்பவை. அதனால்தான் கடல் வரைபடங்களில் கேபிள் பாதையைக் குறித்தே வைக்கிறார்கள். வலை கேபிளில் சிக்கிக்கொண்டால் இழுத்துப் பார்க்காமல் வலையை விட்டுவிடுவதே நல்லது. அப்படித் தியாகம் செய்த படகுக்காரருக்குக் கேபிள் உரிமையாளர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1884-லேயே ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். அந்த விதி இன்றும் உண்டு.